பழகிய கண்ணும் மலிவான கூலியும்

கொழுந்து பறித்தலைத் ‘திறனற்ற தொழில்’ எனக் கூறும் வழக்கம் கற்றோர் நாவினின்றும் இன்னும் அகலவில்லை. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2008 ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடும் பயிர்நிலக் கூலியாளரை முதலாம் திறன்மட்டத்திலேயே வைக்கின்றது. அஃது எளிய, வழமையான உடலுழைப்பிற்குரிய அடித்தட்டு. இவ்வகைப்பாடு பிழையானது. இலகுவாகத் தோன்றுவதெல்லாம் இலகுவானதே என்னும் மயக்கமே அப்பிழையின் வேர்.

வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றின் தேயிலை மலையை நோக்குக. முற்றிய இலையும், வளர்ச்சி ஓய்ந்த குருத்தும், அடுத்த சுற்றுக்கு விடவேண்டிய இளந்தளிரும் ஒரே பசுமைக்குள் கலந்து கிடக்கின்றன. அவற்றினின்றும் ஈரிலையும் ஒரு குருத்தும் கொண்ட கொழுந்தை மட்டும் பெண்ணொருத்தியின் கண் கணத்தில் பிரித்தறிகின்றது. இரு கைகளும் ஒருசேரப் பறிக்கின்றன. புதிதாய் வந்தவர்க்கோ அது வெறும் பச்சை விரிப்பு.

இவ்வேறுபாடு மூளையில் விளைவது. ஒரே உருவத்தை மீண்டும் காணுங்கால் குரங்கின் மூளையில், பொட்டுமடலின் கீழ்ப்பகுதியிலுள்ள பல நரம்புக் கலங்களின் துலங்கல் குறைவதை 1991 இல் மில்லர், லீ, டெசிமோன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். மனித மூளையிலும் இத்தகைய குறைவு காணப்படுகின்றது. கலங்களின் சோர்வு, துலங்கல் கூர்மையடைதல், செயல் விரைவுபெறுதல் என மூவகை விளக்கங்களை 2006 இல் கிறில்-ஸ்பெக்டர், ஹென்சன், மார்ட்டின் ஆகியோர் ஆராய்ந்தனர். சோர்வு ஒன்றே காரணமாயின், பழகிய பொருள் விரைவாகவும் பிழையின்றியும் அறியப்படுவதை விளக்குதல் அரிது. எனவே குறைந்த முயற்சி குறைந்த திறனுக்குச் சான்றாகாது. பெரும்பாலும் அது தேர்ச்சியின் விளைவேயாம்.

கொழுந்து பறிப்பவரின் மூளை இதற்கு விலக்காதற்கு நியாயம் யாதுமில்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் நோயின் நிழலை ஒரு நோக்கில் இனங்காணும் வைத்தியரை, ‘அவருக்கு அது இலகு’ எனக் கூறி எவரும் குறைத்து மதிப்பதில்லை. அவர் கண்டது ஆயிரக்கணக்கான படங்கள். இவள் கண்டது எண்ணிறந்த கொழுந்துகள். ஒருவருக்குச் சான்றிதழ் உண்டு, மற்றவருக்கு இல்லை. வைத்தியரின் நூலறிவு வேறு என்பர். உண்மையே, ஆயின் நூலறிவு இன்மை திறனின்மை ஆகாது.

யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்காற்றில் ஊவாத் தேயிலை பெறும் தனிமணம் உலகறிந்தது. காற்றுக்கும் மண்ணுக்கும் கிடைத்த புகழ், கொழுந்தைத் தேர்ந்த கண்ணுக்குக் கிடைக்கவில்லை. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோதும் வாதங்கள் பெரிதும் விலைவாசியையும் பறித்த நிறையையுமே சுற்றி நின்றன. குறித்த நிறை சேராவிடில் ‘அரைப்பேர்’. தராசு கிலோவை அறியும், தேர்வை அறியாது. கண்ணில்லாத கத்தரி வெட்டிய கொழுந்தில் முற்றலும் காம்பும் மலிவதைக் கண்ட பின்னரும், கையால் பறிப்போரைத் திறனற்றோர் என்பது முரணன்றோ?

கூலி ஒரு தொழிலின் மதிப்பீடு. பெயரோ அக்கூலியின் அடிப்படை. ‘திறனற்ற’ என்னும் அடைமொழி நிலைக்கும்வரை, சம்பள உயர்வு இரக்கத்தால் இடப்படும் கொடையாகவே கருதப்படும். அவ்வடைமொழியை முதலில் நீக்கவேண்டியது பல்கலைக்கழக விரிவுரைகளிலும் ஆய்வேடுகளிலுமேயாம். அங்கு எழுதப்படும் சொல்லே பின்னர்ச் சம்பள நிர்ணயச் சபையின் மேசையில் வாதமாகின்றது.