விளக்கு எரிந்தால் உறுப்பை மாற்றுவதா?



அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்குள்ள பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் இடையே இரும்புத் துண்டுகளையும், ரப்பர் வளையங்களையும், அட்டைப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடுபவை சிறு சரக்கு வண்டிகள். மக்கள் இவ்வகை வண்டிகளைக் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். இவற்றுள் பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. பெட்ரோலும் அதிகம் செலவாகிறது. பட்டறையில் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தால் 'பி0135' என்ற குறியீடு தெரிகிறது. "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார்கள். புதிய சென்சார் பொருத்தியதும் விளக்கு அணைகிறது. சில நாட்களில் மறுபடியும் எரிகிறது!

நாள் வாடகைக்கு வண்டி ஓட்டுபவருக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நட்டத்திற்குக் காரணம், அளந்து பார்க்காமல் முடிவு செய்யும் பழக்கம் என்பது என் கருத்து. அந்தப் பழக்கத்திற்கு விதை நம் பள்ளி ஆய்வுக்கூடங்களிலேயே ஊன்றப்படுகிறது என்றும் கருதுகிறேன். எப்படி என்று பார்ப்போம்.

உணரியும் ஒரு மின்கலமே

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டி எஞ்சின் ஓடினால்தான் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைச் சரிவர மாற்றும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்த மாற்றி 1995 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. விகிதம் சரியாக இருக்கிறதா என்று புகையைச் சோதித்துக் கணினிக்குச் சொல்வதே ஆக்சிஜன் உணரியின் வேலை. 1976-இல் பாஷ் நிறுவனம் தயாரித்த இவ்வகை உணரி, முதன்முதலாக வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது.

இதன் உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான். அதனுடன் சிறிது இட்ரியா கலந்திருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் இப்பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரும். ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. இரண்டிலும் ஆக்சிஜனின் அளவு வேறு. ஆகவே இரு புறங்களுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகிறது. அதன் அளவைத் தரும் சமன்பாட்டை ஜெர்மானிய அறிஞர் வால்டர் நெர்ன்ஸ்ட் 1889-இல் கண்டார். வியப்பு என்னவென்றால், அதே நெர்ன்ஸ்ட் 1897-இல் உருவாக்கிய மின்விளக்கின் ஒளிரும் இழையும் சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்த பொருளே!

ஏறத்தாழ 630 டிகிரி செல்சியசில், புகைப்பக்கத்து ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும் சுமார் 0.045 வோல்ட் கூடும். காற்றில் 21 விழுக்காடு, புகையில் 1 விழுக்காடு என்றால் கிடைப்பது 0.06 வோல்ட் மட்டுமே. பெட்ரோல் மிகுந்துவிட்டால், உணரியின் பிளாட்டினப் பூச்சில் எஞ்சிய ஆக்சிஜனும் தீர்ந்துபோகும், அழுத்தம் 0.8, 0.9 வோல்ட் வரை ஏறும். அதாவது ஆக்சிஜன் ஏறக்குறைய இருபது முறை பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். கணினி 0.45 வோல்ட்டை நடுவாகக் கொண்டு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது.

குறியீடு சொல்வது என்ன?

உணரி சூடானால்தான் வேலை செய்யும் என்றோம். புகை அதைச் சூடாக்கும் வரை காத்திராமல் இருக்க, உள்ளேயே ஒரு சிறு மின்சூடேற்றி வைத்திருக்கிறார்கள். எனவே பெரும்பாலான உணரிகளில் நான்கு கம்பிகள் இருக்கும்: சூடேற்றிக்கு இரண்டு, அளவு சொல்ல இரண்டு. 'பி0135' என்பதன் பொருள் 'உணரியின் சூடேற்றிச் சுற்றில் கோளாறு' என்பதே. சுற்று என்றால் மின்கலம், உருகி, கம்பி, இணைப்பு, சூடேற்றி, கணினி ஆகிய அனைத்தும் அடங்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கியது நாம்தான். குறியீடு அப்படிச் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரில் ஓடிய வண்டியில், இணைப்பானுக்குள் கம்பியும் ஊசியும் சேரும் இடத்தில் களிம்பு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். அதனால் அங்கே 2 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது. சூடேற்றியின் மின்தடை 6 ஓம். எளிமைக்காக அது மாறாது என்று கொள்வோம். களிம்பு இல்லாதபோது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாய்ந்து 24 வாட் வெப்பம் கிடைத்தது. இப்போது மொத்தம் 8 ஓம். பாய்வது 1.5 ஆம்பியர், சூடேற்றியில் கிடைப்பது 13.5 வாட்தான். ஏறக்குறைய பாதி வெப்பம் போயிற்று!

இணைப்பானைக் கழற்றி, வண்டிப் பக்கத்து ஊசியில் டிஜிட்டல் மீட்டரை வைத்து அளந்தால் என்ன காட்டும்? முழுதாக 12 வோல்ட்! மீட்டரின் மின்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். அதன் வழியே மின்னோட்டம் ஏதும் பாயாததால் 2 ஓம் களிம்பில் அழுத்தம் இறங்குவதே இல்லை. "மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே சென்சார்தான் பழுது" என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. சுற்றை மாட்டி, மின்னோட்டம் பாயும்போது களிம்பு உள்ள இணைப்பின் இருபுறமும் அளந்தால் 3 வோல்ட் இறங்குவது தெரியும். பழைய எலக்ட்ரீசியன்கள் கையில் வைத்திருந்த 21 வாட் சோதனை விளக்கும் இந்த இடத்தில் மங்கலாக எரிந்து உண்மையைக் காட்டிவிடும். ஏனெனில் அது மின்னோட்டத்தை இழுக்கிறது. (சூடேற்றிக்கு மின்சாரம் வரும் கம்பிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மட்டும் இதைச் செய்யலாம். அளவு சொல்லும் கம்பியில் விளக்கை வைக்கவே கூடாது.)

அப்படியானால் புதிய சென்சார் போட்டதும் விளக்கு அணைந்தது ஏன்? இணைப்பானைக் கழற்றி மாட்டியபோது கம்பி அசைந்து, தொடர்பு சற்றுச் சீரானது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பலனுக்கு உரிய பெருமை புதிய உறுப்புக்குப் போயிற்று. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று அறிவியல் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இதற்கு ஒரு மறுப்பு

"பட்டறையில் நேரம்தான் பணம், ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாடிக்கையாளர் அருகிலேயே காத்து நிற்கும்போது பொறுமை எளிதன்று. ஆனால் உருகியைப் பார்ப்பது, சூடேற்றியின் மின்தடையை அளப்பது, இணைப்பில் அழுத்த இறக்கத்தைக் காண்பது ஆகிய மூன்றும் பத்து, பதினைந்து நிமிட வேலை. தேவையற்ற ஒரு சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் இது மலிவு. அளந்த பின் சென்சார்தான் பழுது என்று தெரிந்தால் தாராளமாக மாற்றட்டும்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது முறையன்று. ஓம் விதியைப் பள்ளியில் எல்லோரும் படிக்கிறோம். ஆனால் நாம் செய்யும் சோதனையில் விடை முன்பே தெரியும். கம்பிகள் எல்லாம் சரியாகவே இருக்கும். விடை வராவிட்டால் பக்கத்து மாணவரின் அட்டவணையைப் பார்த்து எழுதிவிடுகிறோம். கோளாறான சுற்று ஒன்றைக் கொடுத்து, "இதில் என்ன பழுது, கண்டுபிடி" என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை. அப்படி ஒரு சோதனையைச் செய்முறைத் தேர்விலேயே சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய கருவிகள் தேவையில்லை. ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு, ஒரு மீட்டர், கம்பிகளுக்கு நடுவே துணியால் மறைத்த ஒரு மின்தடை இருந்தால் போதும்.

உங்கள் ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள். இரண்டு பேர் கூடி, ஒருவர் பழுதை ஒளித்து வைக்க, மற்றவர் அளந்து கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் எந்த அளவீட்டை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால், முடிவு சரியாக இருந்தாலும் அது வெறும் ஊகம்தான்.