பெட்டித் தோட்டத்துக்கு வேண்டியது ஜல்லியா, துளையா?

தில்லியில் நம்மவர் வீட்டுப் பால்கனிகளில் துளசியும் கறிவேப்பிலையும் இல்லாத வீடு அரிது. மந்திர் மார்க், கோல் மார்க்கெட் வட்டாரத்தில் பழைய பலகைகளை அடித்துப் பெட்டி செய்து வளர்ப்போரும் உண்டு. நல்ல முயற்சி. ஆனால் செடி பட்டுப்போனால் உடனே தில்லிக் குளிரின் மீது பழி போடுகிறோம். பல சமயம் குற்றவாளி பெட்டிக்குள் தேங்கிய நீர்தான் என்பது என் கருத்து. குளிர்காலத்தில் கறிவேப்பிலை வளர்ச்சி நின்று இலை உதிர்க்கும். அப்போதும் கோடையில் ஊற்றியது போலவே ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

"அடியில் ஜல்லி போட்டிருக்கிறோமே! ரயில் பாதைக்கும் ஜல்லிதானே?" என்று கேட்பார்கள். பாதையில் ஜல்லியின் இருபுறமும் திறந்திருக்கும். அடியிலுள்ள மண்மேடையும் சரிவாக இருக்கும். ஆகவே நீர் வெளியேறுகிறது. பெட்டியிலோ நான்கு பக்கமும் அடைப்பு. மேலும், நுண்ணிய மண் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தான் முழுதும் ஊறும் வரை கீழேயுள்ள கற்களுக்கு விடாது. ஜல்லி போடுவதால் அந்தச் சேற்றுப்பகுதி வேருக்கு அருகில் உயர்கிறதே தவிர மறைவதில்லை.

நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் சொட்டும். மண்ணுக்கும் இதுவே விதி. ஆகவே ஆழமான பெட்டியே நல்லது.

அடிப்பலகையில் அரை அங்குலத் துளைகளை அரை அடிக்கு ஒன்றாகப் போடுங்கள். மண் ஒழுகாதிருக்க நைலான் வலைத்துண்டு போதும். மண், மக்கிய எரு, கடைகளில் 'பதர்பூர்' என்று விற்கும் பெருமணல் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். பெட்டியைச் செங்கல் மீது தூக்கி வையுங்கள். பலகையும் உளுத்துப்போகாது, பால்கனித் தளமும் காயும்.

வடியும் நீரைத் தட்டில் தேங்கவும் விடலாகாது. 1996-இல் தில்லியில் 10,000-க்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது அவசியம்.

நீருக்கு வர வழி செய்கிறவர், போகவும் வழி செய்ய வேண்டும். நம் செடிக்கும் அது நல்லது, அண்டை வீட்டுக் குழந்தைக்கும் நல்லது.