ஆளை மாற்றும் அலங்காரம் வேண்டாம்!

கலியாண ஆல்பம் வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தை உற்றுப் பார்க்கிறாள்.

"யாரடி இந்தப் பெண்? மாப்பிள்ளைக்குச் சொந்தமா?" என்று கேட்கிறாள்.

"நான்தான், பாட்டி!" என்கிறாள் பேத்தி.

எல்லோரும் சிரிக்கிறார்கள். பேத்தியும் சிரிக்கிறாள். ஆனால், உள்ளுக்குள் அவளுக்கு வருத்தம். படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கிறது. கழுத்து ஒரு நிறம். கை ஒரு நிறம். படம் சரியில்லை என்பதற்காக மறுபடியும் தாலி கட்ட முடியுமா?

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பல வீடுகளில் நடக்கிறது. பணத்தைக் கொட்டி ஒப்பனை செய்தும், படம் ஏன் இப்படி ஆகிறது?

காமிராவின் கண்

நம் கண் பார்ப்பது வேறு. காமிரா பார்ப்பது வேறு.

முகப்பூச்சுகள் பலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொருள் இருக்கிறது. வெயில் படாமல் காக்கும் கிரீம்களிலும் அது உண்டு. பிளாஷ் வெளிச்சம் பட்டதும் அது ஒளியைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் அழகாகத் தெரிந்த முகம், படத்தில் வெளுத்துப் போகும். பவுடர் அதிகமானால் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு விழும்.

இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காமிரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது அந்த வெள்ளையைக் கண்டு ஏமாந்து, படத்தையே இருட்டாக்கிவிடும். பெண்ணின் முகமும் இருண்டுவிடும்.

உடனே ஓர் அத்தை எழுந்து, "பெண் கறுப்பாகத் தெரிகிறாள், இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்கள்" என்பார்.

குற்றம் பெண்ணின் நிறத்தில் இல்லை. வெளிச்சத்தை அளந்த விதத்தில் இருக்கிறது. பெண்ணின் முகத்தை வைத்து வெளிச்சத்தை அளக்கும்படி படக்காரரிடம் சொன்னால் போதும்.

சாக்லேட் செய்த நன்மை

கலர் படத்துக்கே ஒரு கதை உண்டு. 1950-களில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பெண்ணின் படத்தைப் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பியது. அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் நிறம் சரியாக விழுந்தால் படம் சரி! கறுத்த முகங்கள் எப்படி விழுந்தாலும் கேட்பார் இல்லை.

பின்னர் குறை கூறியவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும்தான்! தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்றார்கள். அதன் பிறகு படச்சுருள் திருந்தியது.

இன்றைய காமிரா கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று எந்த நிறத்தையும் நன்றாகப் பிடிக்கும். காமிரா திருந்திவிட்டது. நாம்தான் இன்னும் திருந்தவில்லை.

எது நல்ல ஒப்பனை?

பூச்சைத் தாடை ஓரத்தில் சிறிது தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது தோலோடு கலந்து தெரியாமல் போகிறதோ, அதுவே அந்தப் பெண்ணுக்கு ஏற்றது. முகத்தோடு நிறுத்திவிடாமல் கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்துப் பூச வேண்டும்.

கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை ஒப்பனை செய்து பாருங்கள். முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டு, பிளாஷ் போட்டு ஒரு படமும், போடாமல் ஒரு படமும் எடுங்கள். குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

முகம் வியர்த்தால், மெல்லிய துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுங்கள். வியர்வைக்கு மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். ஓமப் புகையில் கண் கரிக்கும். தாரை வார்க்கும்போது கண் கலங்கும். ஆகவே, தண்ணீரில் கரையாத மையே நல்லது. பலத்த விளக்கொளியில் உதட்டுச் சாயம் மங்கித் தெரியும். அதை மட்டும் ஒரு படி கூட்டிப் போடலாம்.

ஆபத்தான டப்பா

பணம் வீணாவதோடு போனால் பரவாயில்லை. "பதினைந்தே நாளில் சிவப்பாகலாம்" என்று விற்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாக உடலுக்குள் சென்று, சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகமும் காலும் வீங்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனாலும் இத்தகைய டப்பாக்கள் விற்கின்றன. செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "கொஞ்சம் வெளுப்பாகக் காட்டுங்கள்" என்று ஒப்பனை செய்பவரிடம் பெண்ணின் காதுபடச் சொல்லாதீர்கள். வாழப் போகிற நாளில், "நீ இருக்கிற நிறம் போதாது" என்று அவளிடம் சொல்வதற்கு அது சமம். அந்த வருத்தத்தை எந்தப் பவுடரும் மறைக்காது.

கண்ணுக்கு மை தீட்டுங்கள். கூந்தல் நிறையப் பூ வையுங்கள். அழகு செய்யுங்கள், ஆளை மாற்றாதீர்கள்.

ஆல்பத்தைத் திறந்ததும், "இதோ என் பேத்தி!" என்று பாட்டி சொல்ல வேண்டும். அதுதான் நல்ல ஒப்பனை.