புகையும் புகை சார்ந்த கருத்துகளும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆணி எதுவும் பிடுங்க வேண்டியதில்லாத நாள். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு, வழக்கமான டீக்கடையில ஒதுங்கினேன். கூடவே தங்கமணியோட அக்கா பையன். அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில பொட்டி தட்டற பய.

டீ வர்றதுக்குள்ள பையிலேர்ந்து ஒரு வட்டமான தகர டப்பாவை எடுத்தான்.

"சித்தப்பா, சித்திகிட்ட சொல்லிடாதீங்க. ஃப்ரெண்டு அமெரிக்காவுலேர்ந்து கொண்டு வந்தான். பைப் புகையிலை."

கூடவே ஒரு மரப் பைப்பும் வெளிய வந்துச்சு. பழைய படங்கள்ல கவுனைப் போட்டுகிட்டு மாடிப்படியில இறங்கி வருவாரே பணக்கார அப்பா, அவர் வாயில இருக்குமே, அதே சமாச்சாரம். பயலுக்கு வயசு இருபத்தஞ்சு. மாடிப்படியும் கிடையாது, கவுனும் கிடையாது :)

"இதைப் பத்தி எத்தனை பேர் கருத்து எழுதியிருக்காங்க தெரியுமா? ஒருத்தர் காஞ்ச அத்திப்பழம்ங்கறார், இன்னொருத்தர் பழைய தோல் நாற்காலிங்கறார். மழை பெஞ்ச காடு மாதிரி இருக்குன்னு கூட ஒருத்தர் எழுதியிருக்கார். எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

மக்களே, அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். டீக்கடை வாசல்ல ஒரு சபை கூடிடுச்சு. பீடி பிடிக்கற டீ மாஸ்டர். எஸ்டேட்டுல முப்பது வருஷம் லேத் ஓட்டிட்டு ரிட்டையர் ஆன, ஒரு காலத்துல சார்மினார் தவிர வேறெதையும் தொடாத பெரியவர். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பின செக்யூரிட்டி அண்ணன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், சுருட்டுக் கட்சி. (பொது இடத்துல புகை பிடிக்கக் கூடாதுன்னு 2008 அக்டோபர் 2-லேர்ந்து தடை அமல்ல இருக்குங்கறது சபையில எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கொஞ்சம் தள்ளி நின்னாங்க.) பைப்பைத் துண்டால துடைச்சுத் துடைச்சு ஆளுக்கு நாலு இழுப்பு. அப்புறம் தீர்ப்பு.

டீ மாஸ்டர்: "வெல்லப்பாகுல ஊறப் போட்டாப்ல இருக்கு. காட்டமே இல்லை தம்பி. இதுக்கு ஊதுபத்தி கொளுத்திக்கலாம்."

பெரியவர்: "அவசரப்படாத. மொதல்ல இனிப்பு, போகப் போக ஒரு ஹோமப் புகை வருது பாரு."

செக்யூரிட்டி அண்ணன் டப்பாவுலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால உருட்டிப் பார்த்துட்டு சொன்னார்: "இலை நல்ல இலை. ஈரம் ஜாஸ்தி. அரை மணி நேரம் காய விட்டிருக்கணும். இல்லாட்டி நாக்கு சுடும்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். வர்ஜீனியா, பர்லி, கொஞ்சம் லட்டாக்கியான்னு போட்டிருந்துச்சு. அசந்துட்டேன். மூணு பேர் சொன்னதும் சரி!

வர்ஜீனியா இலையை மூடின அறையில சூடான காத்தை விட்டு சட்டுனு காய வைக்கறாங்க. அதனால இலையில இருக்கற சர்க்கரை அப்படியே தங்கிடும். பர்லியை நிழல்ல கட்டித் தொங்க விட்டு வாரக்கணக்கா ஆற விடுவாங்க. அதுல சர்க்கரை போயிடும், ஆனா எந்த வாசனையைத் தெளிச்சாலும் உறிஞ்சிக்கும். டீ மாஸ்டருக்குத் தெரிஞ்ச வெல்லப்பாகு இந்த ரெண்டும்தான். லட்டாக்கியாங்கறது சிரியாவுல ஒரு துறைமுக ஊரோட பேர். அந்த இலையைக் கனிஞ்சு புகையற கட்டை மேல வாட்டி எடுக்கறாங்க. பெரியவர் சொன்ன ஹோமப் புகை அதுதான். ஈரமான புகையிலை பத்தும்போது ஆவி கிளம்பி நாக்கைப் பதம் பார்க்கும்ங்கறது பைப் பிடிக்கறவங்களோட பாலபாடம். அண்ணன் வாழ்நாள்ல பைப்பைத் தொட்டதில்லை, விரலாலயே கண்டுபிடிச்சிட்டார்.

ஆக, புகை பிடிக்கறவன் சொல்ற கருத்தை சும்மா உளறல்னு தள்ளிட முடியாது. அதுல ஞானம் இருக்கு. இதை மொதல்லயே ஒத்துக்கறேன். ஏன்னா எங்க பெரியப்பாவும் அந்த ஞானம் உள்ளவர்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

பெரியப்பா திருச்சி உறையூர். சுருட்டு மண்டி ஒண்ணுல கணக்கெழுதிட்டிருந்தார். உறையூர் சுருட்டுன்னா சும்மாவா? ஆங்கிலத்துல 'செரூட்'னு ஒரு வார்த்தை இருக்கே, அது நம்ம 'சுருட்டு' போய் அங்க குடியேறினதுதான். வெள்ளைக்காரன் திருச்சினாப்பள்ளி சுருட்டுன்னு பேர் வச்சு கப்பல் கப்பலா ஏத்திட்டுப் போனான். 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலயே, தரையில கிடந்த சாம்பலைப் பார்த்து கொலைகாரன் பிடிச்சது திருச்சி சுருட்டுன்னு ஹோம்ஸ் சொல்லிடுவார். 140 வகைப் புகையிலையோட சாம்பலைப் பத்தி புத்தகம் வேற எழுதியிருக்கறதா இன்னொரு கதையில பீத்திக்குவார்.

பெரியப்பா புத்தகம் எழுதலை. ஆனா ஹோம்ஸுக்கே பாடம் எடுத்திருப்பார். சுருட்டைக் காதுகிட்ட வச்சு ரெண்டு விரலால லேசா அழுத்துவார். அந்த சத்தத்துலயே ஈரம் எவ்வளவுன்னு தெரியும். மோந்து பார்ப்பார். பத்த வச்சு, சாம்பல் எவ்வளவு நீளம் உதிராம நிக்குதுன்னு பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். "இலை நல்ல இலை"ன்னுட்டா வியாபாரம் படிஞ்சிடும். வெளியூர்லேர்ந்தெல்லாம் அவர் கருத்தைக் கேக்க ஆள் வரும். சின்ன வயசுல லீவுக்குப் போறப்ப, திண்ணையில அவர் பக்கத்துல உக்காந்து அந்த வாசனையைப் பிடிக்கறது எனக்கு ஒரு கௌரவம்.

நாக்கோட ஓரத்துல ஒரு வெள்ளைத் திட்டு. பல்லு கீறினதுன்னு மூணு மாசம் ஓட்டினார். சென்னைக்குக் கூட்டிட்டு வந்து காட்டறதுக்குள்ள நேரம் கடந்துடுச்சு. நாக்குல பெரும்பகுதியை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவருக்குப் பேச்சு சிலேட்டுப் பலகையில.

ஒரு நாள் விஷயம் தெரியாம ஒரு பழைய வியாபாரி சுருட்டுக் கட்டோட வந்துட்டார். பெரியம்மா உள்ள ஓடிப் போயிட்டாங்க. வந்தவருக்கு எழுந்திரிக்கறதா உக்காரறதான்னு தெரியலை. பெரியப்பா கையை நீட்டி ஒரு சுருட்டை வாங்கினார். காதுகிட்ட வச்சு அழுத்தினார். மோந்தார். அப்புறம் சிலேட்டை எடுத்து எழுதினார்:

"இலை நல்ல இலை."

1994-ல போய்ச் சேர்ந்துட்டார்.

அந்த சிலேட்டு வாசகத்தை ரொம்ப வருஷம் நான் தப்பாவே புரிஞ்சிட்டிருந்தேன். திருந்தாத மனுஷன்னு நினைச்சேன். இப்பத்தான் விளங்குது, அவர் பொய் சொல்லலை. அது நல்ல இலைதான். அவர் நாக்கை வாங்கினதும் அதே நல்ல இலைதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்லை. சுவை நல்லாருக்கான்னு கேட்டா நாக்கு ஒழுங்கா பதில் சொல்லும். நாளைக்கு நீ இருப்பியான்னு கேட்டா நாக்குக்கு என்ன தெரியும்?

இன்னும் கொடுமை என்னன்னா, சுவையைக் கொடுக்கற அதே பக்குவம்தான் விஷத்தையும் கொடுக்குது. இலையை ஆற வச்சுப் புளிக்க வைக்கறப்பதான் அந்த மணம் ஏறும். அதே நேரத்துலதான் இலையில இருக்கற நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் மாத்தி, நைட்ரோசமைன்னு சொல்ற புற்றுநோய்ப் பொருள்களும் உருவாகுது. அது நாக்குல தட்டுப்படாது. அத்திப்பழம் தெரியும், வெல்லம் தெரியும், இது மட்டும் தெரியாது.

"அப்புறம் நீ ஏன்யா பிடிச்சே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பெரியப்பாவைப் பார்த்த பிறகும் நான் பதினாலு வருஷம் சிகரெட் பிடிச்சேன். ஏன்னா என்கிட்டயும் ஒரு கருத்து இருந்துச்சு: "அவர் பிடிச்சது சுருட்டு. நான் பிடிக்கறது ஃபில்டர்."

சபையில கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொருத்தர் கருத்துக்குள்ளயும் இப்படி ஒரு தாயத்து இருக்கும். பீடிக்காரர் சொல்வார், "சிகரெட்ல காகிதம் எரியுது, இது சுத்தமான இலை." அந்த பீடி இலை காத்தை சரியா உள்ள விடாது. அணையாம இருக்க அடிக்கடி, ஆழமா இழுக்கணும். அதனால துளியூண்டு புகையிலையிலேயே சிகரெட்டை மிஞ்சற அளவு நிகோடினும் தாரும் உள்ள போகும். சிகரெட்காரர் சொல்வார், "நான் லைட்டுக்கு மாறிட்டேன்." அந்த ஃபில்டர்ல பொடிப்பொடியா ஓட்டை போட்டிருப்பான். மெஷின் இழுத்தா காத்து கலந்து புகை குறையும். மனுஷன் விரலாலயும் உதட்டாலயும் ஓட்டையை மூடி, கூட ரெண்டு இழுப்பு இழுத்துக் கணக்கை நேர் பண்ணிக்குவான்.

நம்ம பொட்டி தட்டற பயலும் தன்னோட தாயத்தை எடுத்து நீட்டினான். "பைப் புகையை உள்ள இழுக்கறதில்லை சித்தப்பா. வாயில வச்சு ரசிச்சிட்டு விட்டுடறது. அதனால ஒண்ணும் ஆகாது."

இதுல பாதி உண்மை. சிகரெட் புகை அமிலப் பக்கம் சாய்ஞ்சது, நெஞ்சுக்குள்ள இழுத்தாத்தான் நிகோடின் சரியா ஏறும். பைப், சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, வாய்த்தோல் வழியாவே நிகோடின் ரத்தத்துல ஏறிடும். அதனால பைப்காரர் இழுக்க வேண்டியதில்லை, நுரையீரல் புற்றுநோய் அவருக்கு சிகரெட்காரரை விடக் குறைவுங்கறதும் சரி. ஆனா புகை தங்கி விளையாடற இடம் உதடு, நாக்கு, கன்னம், தொண்டை. பைப்பு உதட்டுப் புற்றுநோயைக் கொண்டு வரும்னு அமெரிக்க அரசோட 1964 அறிக்கையே சொல்லிடுச்சு. எங்க பெரியப்பாவும் உள்ள இழுக்கலை. ஒரு இழுப்பு கூட.

இன்னொண்ணு. அந்தப் பய படிச்ச கருத்தையெல்லாம் எழுதினது யாரு? இன்னைக்கு உயிரோட, நாக்கோட இருக்கறவங்க. புகையிலையை விடாம பிடிக்கறவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் அதனாலயே சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்தப் பாதியோட கருத்து எங்க? 1954-ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனப்ப, வாயில கட்டோட பேச முடியாம உக்காந்திருந்தவங்களைப் பார்த்திருக்கேன். அவங்கள்ல எத்தனை பேரு ஒரு காலத்துல சபையில "காட்டம் பத்தலை"ன்னு தீர்ப்பு சொன்னவங்களோ. அஞ்சு நட்சத்திரம் கொடுத்தவங்களை மட்டும் எண்ணிட்டு, கொடுக்கக் கை இல்லாமப் போனவங்களை விட்டுட்டா அது என்ன கணக்கு?

இதையெல்லாம் நான் ஏதோ உச்சாணிக் கொம்புல நின்னு சொல்றதா நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு டப்பாவை என்கிட்ட நீட்டினப்ப நான் வாயில வைக்கலை. ஆனா மோந்து பார்த்தேன். நிறுத்திப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு மோப்பம்தான். உறையூர்த் திண்ணை, பெரியப்பா வேட்டி, என்னோட முதல் சம்பளம், எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் இல்லை. தெருமுனைக் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்னு மனசு கணக்குப் போட்டுச்சு. கருத்து சொல்றது நாமளா, நம்ம உள்ள உக்காந்திருக்கற நிகோடினான்னு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு.

மறுநாள் பயலைக் கூப்பிட்டு சிலேட்டுக் கதையைச் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லலை. நிறுத்தணும்னு தோணினா 1800-11-2356, காசில்லாத போன், பேசறவங்க திட்ட மாட்டாங்கன்னு மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினான். டப்பாவை என்ன பண்ணினான்னு நான் கேக்கலை.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டையில அத்திப்பழ வாசனை இல்லை. ஏலக்காய் மிட்டாய் வாசனை மட்டும் தூக்கலா இருந்துச்சு. தங்கமணிக்கு அது சாதாரண மிட்டாய். பதினாலு வருஷம் அதே மிட்டாயை வாங்கின எனக்குமா?

டிஸ்கி: இது புகை பிடிக்கறவங்களைத் திட்டற பதிவு இல்லை. உள்குத்து எதுவும் கிடையாது. உங்க வீட்டுலயும் சிலேட்டுல எழுதின ஒரு பெரியப்பா இருந்திருந்தா, அவர் சார்புல பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. அந்தக் கருத்துதான் இங்க ரொம்பக் குறைச்சலா இருக்கு.