கூரை வாய்க்காலும் குடியானவர் கடமையும்

மழைக்காலம் நெருங்குமுன் பாசன வாய்க்காலைத் தூர் வாரி, கரையைச் செப்பனிட வேண்டுமென்பதை எந்தக் குடியானவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மதகடியில் ஒரு சுமை செத்தை அடைத்துக்கொண்டால் கரை உடையும் என்பதை அவர் தம் அநுபவத்தாலேயே அறிவார். ஆயினும், அவருடைய வீட்டுக் கூரையில் இறவாரத்தின் ஓரமாக ஓடும் சிறு வாய்க்கால் எந்நிலையில் இருக்கிறதென்று வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. தகரத்தாலோ, பிளந்த பிளாஸ்டிக் குழாயாலோ அமைந்த அவ்வாய்க்கால், மாட்டிய நாள் தொட்டு ஒருவர் கையும் படாமலே கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். இஃது அற்ப விஷயமென்று தள்ளத்தக்கதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

நாமறிந்த ஒரு மிராசுதாரர் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு அது. வீட்டுக் கூரையும் மாட்டுக்கொட்டிலின் கூரையும் சந்திக்கும் கூடல்வாயில் ஒரு தகர வாய்க்கால் இருந்தது. பக்கத்தில் ஒரு புளியமரம். ஓர் ஐப்பசி இரவில் பெய்த பெருமழையில், இலையும் மண்ணும் அடைத்த அவ்வாய்க்கால் உட்புறமாக வழிந்தது. அதன் நேர் கீழே இருந்த அறையில் அடுத்த போகத்துக்குரிய விதைநெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் மூட்டையைப் பிரித்தபோது நெல் சூடேறி முளை கட்டியிருந்தது. விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாதென்று அவர் நன்கு அறிந்தவர். காய வைத்துப் பதம் பார்த்தே கட்டியவர். கூரையை மட்டும் பார்க்கத் தவறினார். அரைநாள் வேலையை விட்டதற்கு ஒரு போகத்து விதையை விலையாகக் கொடுத்தார்.

சிறு வாய்க்கால்தானே என்று எண்ணுபவர் ஒரு கணக்கைக் கவனித்தல் நலம். 1,000 சதுர அடி பரப்புள்ள கூரையின்மீது ஓர் அங்குலம் மழை பெய்தால், ஏறக்குறைய 2,300 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 440 மில்லிமீட்டர் அளவில் பெய்வதால், அக்கூரை அப்பருவத்தில் மாத்திரம் 40,000 லிட்டர் வரை ஏந்துகிறது. வாய்க்கால் சீராக இருந்தால் இத்தனை நீரும் குழாய் வழியே தொட்டிக்கோ கிணற்றடிக்கோ செல்லும். அடைபட்டிருந்தாலோ, ஒரே மூலையில் வழிந்து மண் சுவரைக் கரைக்கும். கடைக்காலின் அடியை அரிக்கும். சட்டங்களையும் பனங்கைகளையும் நனைத்து மக்கச் செய்யும். ஈரம் தங்கிய மரத்தைக் கறையான் எளிதில் பற்றும் என்பதையும் சொல்ல வேண்டுமோ?

அடைப்பு ஒரே நாளில் உண்டாவதன்று. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது களத்திலிருந்து பறக்கும் சண்டும் பதரும் கூரையில் படிகின்றன. வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்து, பின்னர்ப் பூவையும் சொரிகிறது. புளியின் சிற்றிலைகளும் அவ்வாறே விழுகின்றன. கோடைக் காற்று மண்ணைக் கொணர்ந்து சேர்க்கிறது. அணில் கூடு கட்டுகிறது. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தவுடன் இவையாவும் குழைந்து சேறாகி, பின்பு வெயிலில் காய்ந்து இறுகிவிடுகின்றன. பறவையின் எச்சத்திலுள்ள அரசு, ஆல் விதைகள் அம்மண்ணில் முளைத்து, தகரத்தின் இணைப்பிலும் சுவரின் வெடிப்பிலும் வேர் நுழைக்கின்றன. புரட்டாசியில் கையால் பிடுங்கத்தக்க செடி, இரண்டு வருஷம் சென்றால் சுவரைப் பிளக்கும்.

வலை போட்டுவிட்டால் போதாதோ என்று கேட்பார் சிலர். கம்பி வலையை வாய்க்காலின் மேல் விரிப்பது நல்ல ஏற்பாடே. மா, பலா, தேக்கு முதலிய பெரிய இலைகளை அது தடுக்கும். ஆனால் அகன்ற கண்ணுள்ள வலையில் புளியிலையும் வேப்பம்பூவும் தடையின்றி நுழையும். நெருங்கிய கண்ணுள்ள வலையின் மேலேயே செத்தை படிந்து, நீர் வாய்க்காலில் இறங்காமல் தாண்டி விழும். ஆகவே வலை வேலையைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. எளிதில் கழற்றி மாட்டும்படி வலையை அமைத்து, குழாயின் வாயில் கிண்ணம்போற் குவிந்த கம்பிக்கூடு ஒன்றையும் வைத்தல் உசிதம். கூரையின்மேற் கவிந்த கிளைகளை ஆடியிலேயே கழித்துவிடுதல் இவ்விரண்டினும் மேலான காப்பு.

துப்புரவு செய்யும் முறை எளிது. இருவர் வேண்டும், ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஏற வேண்டும். மின்கம்பி அருகில் செல்லும் இடத்தில் இரும்பு ஏணி கூடாது. கல்நார்த் தகடு வேய்ந்த கூரையின்மீது காலூன்றலாகாது. அது திடீரென உடையும். குழாயின் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, இறுகிய மண்ணை மரத்துண்டாலோ சிறு கரண்டியாலோ பெயர்த்து வாளியில் இட வேண்டும். தகரத்தின்மேற் பூசிய நாகப் பூச்சைச் சுரண்டிவிடாதிருக்க ஜாக்கிரதை தேவை. பின்பு துணியை எடுத்து, இரண்டு குடம் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கேனும் தேங்கினால் தாங்கி தளர்ந்துள்ளதென்று பொருள். பத்தடிக்கு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை குழாயை நோக்கிச் சரிவு இருத்தல் வேண்டும். வாளியிற் சேர்ந்த மண்ணும் மக்கிய இலையும் எருக்குழிக்கு ஆகும், அதுவும் வீணன்று.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறையும், பருவமழையின் நடுவே ஒரு முறையும் இதைச் செய்தால் போதும். தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரி, நீலகிரி முதலிய பகுதியினர் வைகாசியிலும் ஒரு முறை செய்தல் வேண்டும். சேமிப்புத் தொட்டி உடையவர்கள், முதல் மழையின் நீரை வெளியே விட்ட பின்னரே தொட்டிக்குத் திருப்புவது முறை.

இது தனி ஒருவரின் வீட்டைப் பற்றிய காரியந்தானே, ஊருக்கு என்ன என்று ஆட்சேபிக்க இடமில்லை. அடைபட்ட வாய்க்காலில் தேங்கும் நீரில் டெங்கு சுரத்தைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது; ஒரு வாரம் முதல் பத்து நாளில் அம்முட்டை கொசுவாகிறது. நீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் கெடாதிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஒரு வீட்டுக்காரரின் அலட்சியத்தால் தெருவே படுத்துவிடலாம்.

கொசு வளர இடந்தரும் நீர்த்தேக்கத்தை அகற்றுமாறு வீட்டுக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடமளிக்கிறது. மழைநீர் சேகரிப்பும் 2003ஆம் ஆண்டில் இம்மாநிலத்திற் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் தொட்டியும் குழாயும் அமைத்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணி, கூரையைத் திரும்பிப் பாராதவர் பலர். சட்டத்தைக் காட்டி இதைச் செய்விக்க முயல்வதில் நமக்கு நம்பிக்கையில்லை. குடிமராமத்து வேலையைக் கட்டாயப்படுத்த 1858ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. இருந்தும் அவ்வழக்கம் பல ஊர்களில் நாளடைவில் நலிந்தது. 2017ஆம் ஆண்டில் அரசாங்கமே பணம் ஒதுக்கி அப்பெயரில் ஒரு திட்டம் தொடங்க நேர்ந்தது. ஊரார் தமது காரியமென்று கருதாத வேலை ஏட்டில் மட்டுமே நிற்கும்.

ஆதலின் கிராம நிர்வாக அலுவலர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் நாம் வேண்டுவது ஒன்றே. அறிவிப்பு ஒட்டுவதற்கு முன், ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கத்தின் உரக்கிடங்கு ஆகியவற்றின் கூரைகளைப் புரட்டாசியில் ஒரு நாள் துப்புரவு செய்து காட்டுக. பாசன வாய்க்கால் வெட்டும் நாளை ஊர் கூடிக் குறிப்பதுபோல, கூரை வாய்க்காலுக்கும் ஒரு நாள் குறிக்கப்படுமாயின், ஏணியில்லாத வீட்டுக்கு ஏணியும், ஏற இயலாத முதியோர் வீட்டுக்கு ஆளும் கிடைக்கும். நிலமுடையோர் தம் பண்ணையாட்களின் குடியிருப்பையும் அன்றைய வேலையில் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

மேகம் கறுத்த பிறகு ஏணியைத் தேடுபவர் நனைந்த ஓட்டில் வழுக்கி விழுவார். அல்லது நனைந்த நெல்லைக் கண்டு வருந்துவார். வெயிலுள்ள இந்நாட்களிலேயே ஒருமுறை அண்ணாந்து தம் கூரையைப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.