விற்காத காருக்குக் களத்தில் இடம் எதற்கு?

2018 ஜூனில் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டொயோட்டாவின் இரண்டு கார்களும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. மூன்றாவதாக வந்த ரெபெல்லியன் அணியின் கார், வென்ற காருக்கு 12 சுற்று பின்னால் இருந்தது. அங்கே ஒரு சுற்று பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். முதல் கார் சென்னைக்குள் நுழையும்போது மூன்றாவது கார் விழுப்புரத்தில் நிற்பதற்குச் சமம் அது. அந்த ஆண்டு தொடங்கி 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து டொயோட்டாவே லே மான்ஸை வென்றது.

இதற்காக டொயோட்டாவைக் குறை சொல்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. பெர்னாண்டோ அலோன்சோ போன்ற ஓட்டுநர் அந்தக் காரில் வென்றதை 'ஆளில்லாத ஊரில் வாங்கிய பட்டம்' என்று எள்ளியவர்கள், அதற்கு முந்தைய கதையை வசதியாக மறந்துவிட்டார்கள். 1992, 1994, 1999, 2013, 2016 என ஐந்து முறை இரண்டாமிடத்தோடு திரும்பிய நிறுவனம் அது. 2016இல் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே மீதமிருக்க, முன்னணியில் ஓடிய கசுகி நகஜிமாவின் கார் விசையிழந்தது. வெற்றி போர்ஷேவுக்குப் போனது. அந்த ஆண்டு முடிவில் இன்னொரு போட்டி நிறுவனமான ஆடி விலகியது. அடுத்த ஆண்டு முடிவில் போர்ஷேவும் கிளம்பியது. அடி வாங்கியவன் களத்தில் நிற்க, அடித்தவர்கள் போய்விட்டார்கள். நின்றது குற்றமா?

குற்றம் விதி எழுதியவர்களுடையது. லே மான்ஸை நடத்தும் பிரெஞ்சு மோட்டார் கழகமும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பும் 2012இல் தொடங்கிய உலகத் தொடரில், உயர் வகுப்பின் ஹைப்ரிட் கார்கள் பெரிய நிறுவனங்களின் கஜானாவை நம்பியே வளர்ந்தன. அப்படிப்பட்ட காரைச் சுயேச்சை அணி ஒன்று வாங்கி ஓட்ட வழியே இருக்கவில்லை. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் மோசடி அம்பலமானது. ஆடி, போர்ஷே இரண்டுக்கும் அதுதான் தாய் நிறுவனம். அதன்பின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் எடுத்த முடிவுகள், ஒரு விளையாட்டின் உயர் வகுப்பையே இரண்டே ஆண்டில் காலி செய்தன. மிஞ்சிய சுயேச்சை அணிகளிடம் ஹைப்ரிட் இல்லை. ஒரு முறை நிரப்பிய எரிபொருளில் டொயோட்டா அவர்களைவிட ஒரு சுற்று கூடுதலாக ஓடலாம் என்று விதியே ஏற்பாடு செய்துகொடுத்தது. 2018–19 பருவத்தின் எட்டுப் பந்தயங்களில் ஏழு டொயோட்டாவுக்கு. மீதமுள்ள ஒன்றான சில்வர்ஸ்டோனிலும் அதன் கார்களே முதலிரண்டாக வந்தன. ஆனால் அடித்தளப் பலகைச் சோதனையில் தவறியதால் தகுதி இழந்தன. ஆக, அந்தப் பருவத்தில் டொயோட்டாவை வீழ்த்தியது பரிசோதகர்கள் மட்டுமே. 2020இல் லே மான்ஸின் உயர் வகுப்பில் ஐந்தே கார்கள் நின்றன.

நோயைக் கண்டதும் அமைப்பாளர்கள் கொடுத்த மருந்து, வேகமாக ஓடுபவனின் காலில் கல்லைக் கட்டுவது. 2019–20 பருவத்தில், புள்ளிகள் சேரச் சேரக் காரின் வேகத்தைக் குறைக்கும் முறை வந்தது. அதன் பலனாக ரெபெல்லியன் ஷாங்காயிலும் ஆஸ்டினிலும் வென்றது. டொயோட்டாவைவிடச் சிறந்த காரைக் கட்டி வென்றதாக அந்த அணியே சொல்லிக்கொள்ள முடியாது. 2021இல் வந்த ஹைப்பர்கார் வகுப்பில் எடையும் விசையும் கார்தோறும் அளந்து சமன் செய்யப்படுகின்றன. இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். சமன்பாடு உண்டு என்ற உறுதியால்தான் நிறுவனங்கள் திரும்பி வந்தன. 2023இல் 16 ஹைப்பர்கார்கள் லே மான்ஸுக்கு வந்தன, அடுத்த ஆண்டு 23. ஆனால் விலை என்ன? 2023இல், லே மான்ஸின் நூற்றாண்டுப் பந்தயத்துக்குச் சற்று முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோவும் பெராரிக்கு 24 கிலோவும் கூடுதல் எடை ஏற்றப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின் உயர் வகுப்புக்குத் திரும்பிய பெராரி வென்றது. அது நல்ல கார், நல்ல ஓட்டம். இருந்தும் அந்த 13 கிலோ வித்தியாசம் வெற்றியின் மேல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. போதாக்குறைக்கு, இந்தச் சமன்பாட்டைப் பற்றி அணிகள் பொதுவெளியில் பேசவே கூடாதாம்! தராசைப் பிடித்தவரை நம்பித்தான் ஆக வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்பது விளையாட்டுக்கு அழகல்ல.

டொயோட்டாவைவிடக் கடுமையான ஆதிக்கத்தை லே மான்ஸ் கண்டிருக்கிறது. 1983இல் முதல் பத்து இடங்களில் ஒன்பது போர்ஷே 956 கார்களுக்கு. ஒன்பதாவதாக வந்த சாபர் ஒன்றுதான் வேற்று முகம். இருந்தும் அந்தக் காலத்தை யாரும் வறட்சி என்று சொல்வதில்லை. ரசிகர்கள் பொற்காலம் என்றே சொல்கிறார்கள். போர்ஷே அந்தக் காரைக் கேட்டவர்களுக்கு விற்றதுதான் காரணம். வாங்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் யோஸ்ட். 1984இல் விதி மாற்றத்தை எதிர்த்து போர்ஷேயின் சொந்த அணி வராமலிருந்தது. யோஸ்டின் 956 வென்றது. சொந்த அணி இல்லாததால் கிடைத்த வெற்றி என்று அப்போது முணுமுணுக்க இடமிருந்தது. 1985இல் போர்ஷே அணி புதிய 962 கார்களோடு முழு பலத்தில் வந்தது. யோஸ்ட் அதே பழைய காரைக் கொண்டுவந்து மறுபடி வென்றார். பந்தயம் முழுமைக்கும் எரிபொருள் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. அவரது ஆட்கள் எஞ்சினைத் தாங்களே சீர்செய்து, காரைத் தயாரித்தவர்களைவிடச் சிக்கனமாக ஓட்டினார்கள். எடை ஏற்றி யாரையும் இழுத்துப் பிடிக்கத் தேவையே வரவில்லை. நிறுவனத்துக்குப் போட்டி அதன் சொந்தப் பட்டறையிலிருந்தே முளைத்தது.

இது பழங்கதையும் அல்ல. 2024 மே மாதம் ஸ்பாவில் ஜோட்டா அணி, விலைக்கு வாங்கிய போர்ஷே 963இல் நிறுவன அணிகளை எல்லாம் முந்தியது. 2025 லே மான்ஸில் ராபர்ட் குபிட்சாவும் கூட்டாளிகளும் ஓட்டிய மஞ்சள் நிற 83ஆம் எண் பெராரி, நிறுவனத்தின் இரண்டு சிவப்புக் கார்களுக்கும் முன்னால் வந்தது. 83ஐ நடத்திய ஏஎஃப் கோர்ஸேதான் சிவப்புக் கார்களையும் பராமரிக்கிறது. எனவே முழுச் சுயேச்சை என்று அதைச் சொல்ல முடியாது. அந்த அளவுக் கதவு திறந்ததற்கே இப்படி ஒரு பந்தயம் கிடைத்தது. டொயோட்டாவோ, ஹைப்ரிட் டிஎஸ்050 காரையும் விற்கவில்லை, ஹைப்பர்காரையும் விற்கவில்லை.

நம் ஊர்க்காரர்கள் இத்தகைய பந்தய மேடைகளை எட்டியதும் இந்த வாசல் வழியாகத்தான். 2012இல் சென்னையின் கருண் சந்தோக் லே மான்ஸில் ஆறாமிடம் பெற்றது, ஹோண்டாவின் அமெரிக்கப் பிரிவு தயாரித்த காரை ஓட்டிய ஜேஆர்எம் என்ற சுயேச்சை அணியில். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி ஓட்டியதும், பணம் கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய போர்ஷேதான்.

ஆகவே நம் கோரிக்கை இது: உயர் வகுப்பில் காரை இறக்கும் எந்த நிறுவனமும், கேட்கும் சுயேச்சை அணி ஒன்றுக்காவது அதே காரை, அதே மென்பொருளோடு, அமைப்பாளர்கள் வரம்பிட்ட விலையில் விற்க வேண்டும். தான் விலகினாலும் மேலும் மூன்று பருவங்களுக்கு உதிரிபாகம் தர வேண்டும். தொழில் ரகசியம் வெளியே போய்விடும், இத்தனை சிக்கலான காரை வெளியாட்களால் பராமரிக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்லும். ஹைப்ரிட் பாகங்கள் பொதுவாகவும், உடற்சட்டம் அங்கீகாரம் பெற்ற நான்கு நிறுவனங்களில் ஒன்றிடமிருந்தும் வரும் எல்எம்டிஎச் வகைக் கார்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. முழுக்கத் தாங்களே தயாரிக்கும் டொயோட்டா, பெராரி போன்றவற்றுக்குச் சிரமம் அதிகம்தான். அவற்றுக்கு ஓராண்டு அவகாசம் தரலாம்.

இப்போதைய விதியோ நேர் எதிர்த்திசையில் போகிறது. 2025 முதல் ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது இரண்டு கார் இறக்க வேண்டும் என்றார்கள்; ஒற்றைக் காருடன் வந்த லம்போர்கினி விலகியது. 2025 முடிவில் போர்ஷேயின் நிறுவன அணியும் உலகத் தொடரைவிட்டுப் போனது. 2017இல் பார்த்த அதே படம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. 2025இல் நடந்த எட்டுப் பந்தயங்களில் ஐந்து நிறுவனங்களின் கார்கள் வென்றன என்ற மகிழ்ச்சியில் அமைப்பாளர்கள் இதைக் கவனிக்கத் தவறக் கூடாது. ஃபோர்டும் மெக்லாரனும் 2027இல் வருவதாக அறிவித்திருக்கின்றன. உள்ளே வர வரிசை நிற்கும்போதுதான் நிபந்தனை போட முடியும். நிறுவனங்கள் கிளம்பத் தொடங்கிய பிறகு அமைப்பாளர்களின் பேச்சு எடுபடாது. அந்த இரண்டு நிறுவனங்களின் விண்ணப்பத்திலேயே 'இந்தக் காரை யாருக்கு விற்கப்போகிறீர்கள்?' என்ற கேள்வி இடம்பெறட்டும்.