ஒப்பந்த எழுத்தாளரின் கூலி

பாசீர் கூடாங்கிலும் செனாயிலும் உள்ள தொழிற்சாலைகளில் ஓடும் பொறிகளுக்குக் கையேடுகள் உண்டு. எந்த விசையை முதலில் அழுத்துவது, எந்தக் கதவைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவது என்பனவற்றை அவை கூறும். அவற்றில் ஒரு சொல் பிழைபட்டால் ஒரு தொழிலாளியின் விரல் போகலாம், உயிரே போகலாம். இத்தகைய தொழில்நுட்ப எழுத்தை எழுதுவோர் இரு வகையினர். ஒருவர் நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெறுபவர். மற்றவர் வேலைக்கு வேலை ஒப்பந்தம் செய்து எழுதிக் கொடுப்பவர். சம்பளக்காரரின் நாட்கூலியையே ஒப்பந்தக்காரருக்கும் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது நீதியன்று, நீதியின் போலி.

கணக்குப் பார்ப்போம். மாதம் 4,000 வெள்ளி பெறும் எழுத்தாளர் ஒருவரை எடுத்துக்கொள்க. ஒருநாள் ஊதியத்தைக் காண, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கச் சொல்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 154 வெள்ளி வரும். இத்தொகையை ஒப்பந்த எழுத்தாளர்முன் நீட்டி, "உள்ளே இருப்பவருக்கும் இதுதான்" என்பர். உள்ளே இருப்பவர் பெறுவது இது மட்டும்தானா? ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு 13 விழுக்காடு. அதாவது மாதம் 520 வெள்ளி. சொக்சோவுக்கும் முதலாளி பங்கு செலுத்துகிறார். ஆண்டில் 11 பொது விடுமுறைகள், குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு, தேவைப்படின் 14 நாளேனும் நோய் விடுப்பு ஆகிய யாவும் சம்பளத்துடன் கிடைப்பவை. மேசையும் கணினியும் நிறுவனத்தினுடையவை.

சம்பளத்தையும் சேமநிதியையும் மட்டுமே கூட்டினாலும் ஆண்டுக்கு 54,240 வெள்ளி ஆகிறது. ஒப்பந்த எழுத்தாளரோ வேலை தேடும் நாளுக்கும், விலை பேசும் நாளுக்கும், வரவேண்டிய பணத்திற்காக நடக்கும் நாளுக்கும், காய்ச்சலில் கிடக்கும் நாளுக்கும் கூலி பெறுவதில்லை. ஓராண்டில் 160 நாள்களுக்கே அவருக்குக் கூலி கிடைக்கிறது என்று கொள்வோம். 154 வெள்ளி வீதம் அவர் பெறுவது 24,640 வெள்ளியே. சம்பளக்காரருக்கு ஈடாக வாழ அவருக்கு நாளொன்றுக்கு 339 வெள்ளி வேண்டும். இருமடங்கிற்கும் மேற்பட்ட இத்தொகை பேராசையா? இல்லை, சமநிலை.

இந்தத் தந்திரம் ஜொகூர்த் தமிழருக்குப் புதிதும் அன்று. ரப்பர்த் தோட்டங்களில் புல் வெட்டவும் மறுநடவு செய்யவும் கொந்தராத்துக்காரர் மூலம் ஆள் எடுத்த முறையை நம் பெற்றோர் கண்டனர். 1951இல் சேமநிதி தோன்றிய பின்னரும் அத்தொழிலாளருள் பலருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. அன்று மண்வெட்டி பிடித்த கைக்கு நேர்ந்ததே இன்று எழுதுகோல் பிடித்த கைக்கும் நேர்கிறது. பட்டம் பெற்றும் பழைய வலையிலேயே விழுவதா?

"விரும்பிய நேரத்தில் உழைக்கும் சுதந்திரம் அவருக்கு உண்டே" என்பர் சிலர். சுதந்திரம் சோறாகாது. அச்சுதந்திரமும் பலருக்கு இல்லை. நேரத்தையும் முறையையும் நிறுவனமே வகுத்து, கருவியையும் கொடுத்து வேலை வாங்குமாயின் அவர் ஒப்பந்தக்காரர் ஆவது எப்படி? 2023 சனவரி முதல் நடப்பிலுள்ள சட்டத்திருத்தம், எழுத்து வடிவிலான வேலை ஒப்பந்தம் இல்லாதவிடத்து, இத்தகைய அடையாளங்களைக் கொண்டு ஒருவரை ஊழியர் என்றே அனுமானிக்க இடம் தருகிறது. "எங்களைவிட அவருக்கு இருமடங்கா?" என்று சம்பள எழுத்தாளர் முகம் சுளிப்பதும் அறியாமையே. வெளியே எழுத்து மலிவாகக் கிடைக்குமாயின் உள்ளே இருப்பவரின் நாற்காலி எத்தனை நாள் நிற்கும்?

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்த்தல் நலம். நம் இயக்கங்கள் மலர் வெளியிடும்போது அச்சகத்தாருக்குப் பணம் தருகின்றன, தாள் விற்றவருக்குப் பணம் தருகின்றன, எழுதியவருக்கோ பொன்னாடை! தமிழ்த்தொண்டு என்ற பெயரால் எழுத்தை இலவசமாக வாங்கிப் பழகியவர்கள், நிறுவனங்கள் நியாயக் கூலி தரவில்லை என்று எந்த வாயால் கேட்பது?

2025இல் நம் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. தனித்து உழைப்போரையும் அரசு காணத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. ஆயினும் தம் உழைப்பின் மதிப்பை அறியாதவருக்கு எச்சட்டமும் அதனைக் கணக்கிட்டுத் தராது. ஆகவே எழுத்தாளர் அமைப்புகள் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். கூலி எவ்வளவு, பணம் எந்நாளில், திருத்தம் எத்தனை முறை என்பன அதில் எழுத்தில் இருத்தல் வேண்டும். தமிழாசிரியர்களே, தெளிவாக எழுதக் கற்பிக்கும் நீங்கள், எழுத்துக்கு விலை கணக்கிடவும் உங்கள் மாணவர்க்குக் கற்பியுங்கள். மாணவர்களே, "உள்ளே இருப்பவருக்கும் இதுதான்" என்று எவரேனும் கூறினால், அச்சொல்லை நம்பிக் கையொப்பமிடாதீர்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள்.